இங்கிலீசு ஐப்பசி

“கார்த்திகை மாதம் 1ஆந் திகதி தொடக்கம் மேற்படி வைத்தியசாலை எமது பட்டியலில் இடம்பெறமாட்டாது என்பதை அறியத் தருகின்றோம்.”

ஓய்வூதியர் காப்புறுதித் திட்டத்தின் தலைமைக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தின் இரண்டாவது பந்தி இப்படித் தொடங்குகிறது. கடிதத்தின் திகதி புரட்டாதி 9. புத்தூரில் எங்கள் வீட்டுப் படலைக்கு அது வந்து சேர்ந்தது புரட்டாதி 15, திங்கட்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. உறையின் மேல் இருந்த முத்திரை வட்டத்தில் நாள் தெளிவாகவும் மாதம் மங்கலாகவும் விழுந்திருந்தது. குத்தியவர் கையை நேராக வைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் தபாற் கந்தோர்களில் வேலை செய்து, உப தபாலதிபராக ஓய்வு பெற்றவன் நான். உறையை வாசித்த பிறகுதான் கடிதத்தை வாசிப்பேன்.

வைத்தியசாலை என்று கடிதம் சொன்னது யாழ்ப்பாணப் பட்டணத்தில் நாங்கள் ஆறு வருடமாகப் போய்வந்த தனியார் வைத்தியசாலையை. காரணம் ஒரே வரியில் இருந்தது: புதிய ஒப்பந்தம் பற்றி இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. யார் எதைக் கேட்டார்கள், யார் எதை மறுத்தார்கள் என்று இல்லை. அதற்குப் பதிலாக நாங்கள் போகக்கூடிய இரண்டு இடங்கள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று வவுனியாவில், மற்றது கொழும்பில்.

மூன்றாவது பந்தியில் ஒரு சலுகை இருந்தது. ஏற்கெனவே ஒரு வைத்தியரிடம் தொடர்ந்து சிகிச்சை பெறுபவர்கள், அதே வைத்தியரிடம் மேலும் ஒரு வருடம் திட்டத்தின் கீழ் போகலாம். அதற்கான படிவம் கடிதத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. வைத்தியரின் கையொப்பத்துடன் அதை ஐப்பசி மாதம் 10ஆந் திகதியன்றோ அதற்கு முன்னரோ யாழ்ப்பாணக் கிளையில் ஒப்படைக்க வேண்டும்.

இதை நான் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வைத்தியசாலை அவளுக்குத்தான் வேண்டியிருந்தது.

“திருப்பி ஒருக்கா வாசியுங்கோ” என்றாள்.

திரும்ப வாசித்தேன்.

“ஒரு வருசம் தருவினமோ?”

“தருவினம் எண்டுதான் எழுதியிருக்கு.”

“அப்ப போமைக் கெதியா நிரப்புங்கோ. வழக்கம்போலை வடிவு பாத்துக்கொண்டு இராமல்.”

அவள் பூமிசாத்திர ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் வருத்தம் அவளுக்கு. வலி இல்லை, சிவப்பு இல்லை. பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்நோக்கிக் கறுத்துக்கொண்டு வரும். போனது திரும்பாது, சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஆறு வருடத்துக்கு முன்னர் வாசற்படியில் இரண்டு தரம் தடக்கி விழுந்த பிறகுதான் இது தெரிய வந்தது. அதற்குள் வலக்கண் பெரும்பாலும் போய்விட்டது. மிஞ்சியிருந்த இடக்கண்தான் எங்கள் கவலை.

கண் வைத்தியர் புதன்கிழமைகளில் அந்தத் தனியார் வைத்தியசாலைக்கு வருவார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு புதன் போவோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்வைப் பரப்பைச் சோதிப்பார்கள். இருட்டறையில் ஒரு வெள்ளைக் குழிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிவர எங்கெங்கோ சிறிய வெளிச்சங்கள் வந்து மறையும். வெளிச்சம் தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அமத்த வேண்டும். நான் திரைக்கு வெளியே இருந்து அந்தப் பொத்தானின் சத்தத்தை எண்ணுவேன். சத்தம் வராத இடைவெளிகள் எனக்குப் பிடிக்காது.

முடிவில் யந்திரம் ஒரு படம் அடித்துத் தரும். தெரிந்த இடம் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு. முதல் தடவை வைத்தியர் இடக்கண்ணின் படத்தை மேசையில் வைத்து விளங்கப்படுத்தத் தொடங்கியபோது மனைவி அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “வலது பக்கம் மேலை கறுத்திருக்கு. இது வடமராட்சி எல்லோ, டொக்டர்” என்றாள்.

வைத்தியருக்கு முதலில் விளங்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரைபடத்தில் வலது மேல்மூலை வடமராட்சி, அதன் நுனி பருத்தித்துறை. பிறகு அவரும் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “ஓம் ரீச்சர். பருத்தித்துறை போட்டுது.”

“அப்ப இடது பக்கத்திலை இந்தச் சின்னக் கறுப்பு? தீவுப்பகுதி மாதிரிக் கிடக்கு.”

“அது வருத்தமில்லை. எல்லாற்றை கண்ணிலையும் அந்த இடத்திலை ஒரு குருட்டுப் புள்ளி இருக்கும்.”

“தீவுப்பகுதி ஒருத்தற்றை கண்ணுக்கும் தெரியாது எண்டு சொல்லுறியள்.”

வைத்தியர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் அந்தப் பாசையில்தான் கதைத்தார்கள். மனைவி தான் வகுப்பில் பாவித்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெறும் வரைபடம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கறுப்பின் எல்லையை அதில் பென்சிலால் கீறினாள். கோட்டின் பக்கத்தில் திகதி எழுதுவது என் வேலை. இரண்டாம் வருடம் கோடு நெல்லியடியைத் தொட்டது. நான்காம் வருடம் நெல்லியடியைத் தாண்டியது. அதற்குப் பிறகு புது மருந்து தொடங்கினார்கள். கோடு வல்லைவெளியில் நின்றது. வடமராட்சிக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில், ஒரு பாலத்தோடு கிடக்கும் வெட்டவெளி அது. அதைத் தாண்டினால் வரைபடத்தில் புத்தூர், அவளுடைய கண்ணில் பார்வையின் நடு.

ஒவ்வொரு தடவையும் யந்திரத்தை விட்டு எழும்பியவுடன் அவள் கேட்பது ஒன்றுதான்.

“வல்லை தாண்டிட்டுதோ?”

வைத்தியர் பழைய படங்களையெல்லாம் மேசையில் வரிசையாகப் பரப்புவார். அவசரப்படமாட்டார். “இல்லை ரீச்சர். வெளியிலைதான் நிக்குது. காத்து வாங்குது.”

புதன்கிழமைகளைப் பற்றியும் எழுத வேண்டும். ஏழரை பஸ்ஸில் ஏறுவோம். அவளுக்கு யன்னல் பக்கம். நீர்வேலியில் வாழைக்குலைகள் அடுக்கியிருப்பதைச் சொல்லுவேன். கோப்பாயில் செம்மண் நிறம் மாறும் இடத்தை அவள் எனக்குச் சொல்லுவாள், சில நாள் பார்த்து, சில நாள் பழக்கத்தில். திரும்பும்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் தேத்தண்ணியும் கடலை வடையும். அங்கே அவள் வைத்தியர் சொன்னதை ஆதியோடந்தமாகத் திருப்பிச் சொல்லுவாள், நான் பக்கத்தில் இருந்து கேட்டவன் என்பதை மறந்து. நான் அதை டயறியில் எழுதுவேன். அந்தத் தேத்தண்ணிக் கடையின் நீல மேசை இப்போது அடிக்கடி நினைவில் வருகிறது.

அரசாங்கத்துப் பெரியாஸ்பத்திரியில் கண் கிளினிக் இருக்கிறது, ஒருவரையும் திருப்பி அனுப்பாது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அங்கே அவளுக்கு மருந்து கிடைக்கும். அந்த வைத்தியர் கிடைக்கமாட்டார்.

இனி என் பிழையை எழுதுகிறேன்.

நான் டயறி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு திகதிகள் போடுவேன். இடது பக்கம் இங்கிலீசுத் திகதி, வலது பக்கம் பஞ்சாங்கத் திகதி. எங்கள் பக்கத்தில் இங்கிலீசு மாதங்களையும் தமிழ்ப் பெயரால்தான் சொல்லுவோம். ஒக்டோபரை ஐப்பசி என்போம். ஆனால் பஞ்சாங்கத்து ஐப்பசி பிறப்பது ஒக்டோபர் பதினெட்டில். ஒரே பெயரில் இரண்டு மாதம். கந்தோரில் ஐப்பசி என்றால் முன்னது, கோயிலில் என்றால் பின்னது. எது என்று ஒருவரும் கேட்பதில்லை. சொல்லும் இடத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வோம். நானும் வேலை செய்த காலம் முழுவதும் காலையில் முதல் வேலையாகத் திகதி முத்திரையின் எழுத்தை மாற்றியவன், ஒரு நாளும் பிழைக்காமல்.

கடிதம் வந்த அன்று, டயறியின் பின்பக்கத்தில் நான் வைத்திருக்கும் ‘மறக்கக்கூடாத நாட்கள்’ என்ற பட்டியலில் ஐப்பசி 10 என்பதைக் குறித்தேன். வலது பக்கத்தில் குறித்தேன். பிறகு ஒழுங்காக, இடது பக்கத்தில் அதற்கு நேரான இங்கிலீசுத் திகதியையும் கணித்து எழுதினேன்: ஒக்டோபர் 27. பஞ்சாங்கத்தைப் பார்த்தபோது அது கந்தசட்டியின் கடைசி நாள் என்று தெரிந்தது. மனைவிக்கு அதையும் சொன்னேன்.

“கடைசி நாள் சூரன்போர் அண்டைக்கு வருகுது.”

“அப்ப விரதம் தொடங்க முந்திக் குடுத்துப் போடுங்கோ” என்றாள்.

ஐப்பசி முதலாந் திகதி, அதாவது ஒக்டோபர் ஒன்று, புதன்கிழமை, வைத்தியர் படிவத்தில் கையொப்பம் வைத்தார். “கெதியாக் குடுங்கோ ஐயா, உவையளை நம்பேலாது” என்றார். அன்றே கிளைக் கந்தோருக்குப் போயிருக்கலாம். வைத்தியசாலையிலிருந்து நடந்து போகிற தூரம். அன்றைக்குப் போகவில்லை.

ஏனென்றால் எனக்கு ஒரு குறை இருந்தது. படிவத்தோடு ஆறு வருடத்துப் படங்களின் பிரதிகளையும் திகதி வரிசையில் இணைத்து, மனைவியின் வரைபடத்தையும் ஒரு பிரதி எடுத்து வைத்து, முன்னால் ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தால், வாசிக்கிறவர் மறுக்கமாட்டார் என்று நினைத்தேன். மொத்தம் பதினொரு படங்கள். ஏழாவது படத்தில் யந்திரம் அடித்த திகதி மங்கிப் போயிருந்தது. என் டயறியில் நாங்கள் அந்த மாதம் இரண்டு புதன்கள் போனதாக இருந்தது. எந்தப் புதன் என்று தெரியாமல் நான் எழுதமாட்டேன். பதினைந்தாந் திகதி வைத்தியசாலைக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டேன். அதற்குப் பொறுப்பானவர் லீவு. அடுத்த புதன், இருபத்திரண்டாந் திகதி, திரும்பப் போனேன். பதிவேட்டில் திகதி இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. கந்தசட்டி அன்றுதான் தொடங்கியிருந்தது. மனைவி கேட்டாள்.

“குடுத்திட்டியளோ?”

“நாளைக்கு. இன்னும் நாள் கிடக்குது.”

ஒக்டோபர் 23, வியாழக்கிழமை, பஞ்சாங்கத்தில் ஐப்பசி 6. கிளைக் கந்தோரில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் போன பின், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தரிடம் படிவமும் படங்களும் சேர்த்துக் கட்டிய கோவையைக் கொடுத்தேன். நரைத்த மீசை வைத்த, பொறுமையான மனிதர். முதல் தாளைப் பார்த்துவிட்டுக் கோவையை மூடினார்.

“ஐயா, உது முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது?”

“போம் எடுக்கிற நாள். பத்தாந் திகதியோடை சரி.”

“இண்டைக்கு ஆறுதானே.”

அவர் திரும்பிச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இண்டைக்கு இருபத்திமூண்டு, ஐயா.”

“ஐப்பசி ஆறு” என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, “நீங்கள் சொல்லுறது கோயில் ஐப்பசி. கடிதத்திலை கிடக்கிறது இங்கிலீசு ஐப்பசி” என்றார்.

எனக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். “ஐயா கந்தசட்டி விரதம் போலை. காப்புறுதியும் கோயிலிலை கேட்டுத்தான் கட்டினவரோ தெரியேல்லை” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“நான் போஸ்ற் மாஸ்ரரா இருந்தனான்” என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அப்ப உங்களுக்குத் தெரியும்தானே, ஐயா” என்றார் உத்தியோகத்தர். அவர் குத்திச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னார். தொப்பிக்காரரின் பகிடியை விட அதுதான் சுட்டது.

அவர் கோவையைத் திரும்பத் திறந்து அட்டவணையைப் பார்த்தார், படங்களைப் புரட்டினார், வரைபடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். “வலு வடிவாச் செய்திருக்கிறியள். ஆனா இதொண்டும் கேக்கேல்லையே. கையெழுத்து வைச்ச அந்த ஒரு தாள் காணும். டொக்டர் முதலாந் திகதியே வைச்சிருக்கிறா.”

கோவையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது தொப்பிக்காரர் பின்னால் வந்து தோளைத் தொட்டார். கொழும்புத்துறைக்காரர், கிராம சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். “கோவிக்காதையுங்கோ, மாஸ்ரர். வாய் சும்மா இருக்காது. என்ரை மனிசியும் அந்த டொக்டரிட்டைத்தான் காட்டுறவ. நாங்களும் போம் குடுக்கேல்லை. எங்களுக்குக் கடிதமே வரேல்லை.” என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

விரதம் முடியும்வரை மனைவிக்குச் சொல்வதில்லை என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். அவள் கந்தசட்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான். வெறுவயிற்றில் இதைக் கேட்க வேண்டாம். படிவம் என்னவாயிற்று என்று கேட்டாள். “குடுக்கப் போனனான்” என்றேன். அது பொய்யில்லை.

அடுத்த நாள் காலையில் வழக்கம்போல அவளுக்குப் பேப்பர் வாசித்தேன். மூன்று வருடமாக நான்தான் வாசிக்கிறேன். பேப்பரின் தலைப்பில் இருந்து தொடங்குவேன்: கிழமை, இங்கிலீசுத் திகதி, பிறகு தமிழ்த் திகதி. அன்றைக்குக் கிழமையையும் இங்கிலீசுத் திகதியையும் வாசித்துவிட்டு நேரே முதற்செய்திக்குப் போய்விட்டேன்.

“இஞ்சருங்கோ” என்றாள். “தமிழ்த் திகதியைக் காணேல்லை.”

“ஐப்பசி ஏழு.”

“ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?”

சொன்னேன். வலது பக்கம், இடது பக்கம், இருபத்திமூன்று, ஆறு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். விரதச் சோர்விலும் அடக்கமுடியாமல் சிரித்தாள். “ஊருக்கெல்லாம் திகதி குத்தின மனிசன்” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“டொக்டர் கையெழுத்து வைச்சாப் பிறகு போம் எத்தினை நாள் மேசை லாச்சிக்குள்ளை கிடந்தது?”

“இருபத்திரண்டு நாள்.”

“கணக்கு மட்டும் பிழைக்காது.”

எழும்பி முற்றத்துக்குப் போய்ச் செவ்வரத்தம் பூ ஆய்ந்தாள். வலது பக்கத்துக் கொப்புகளுக்குத் தலையை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு பூ அவளுடைய தோளுக்கு நேரே இருந்தது. அதை அவள் காணவில்லை. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை. சொன்னால் நான் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்துவிடும்.

பூத்தட்டோடு உள்ளே வந்தபோது, “வவுனியாவிலை இருக்கிற டொக்டருக்கு வல்லைவெளி தெரியுமோ?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் சாமி அறைக்குள் போய்விட்டாள்.

பட்டியலை விட்டு எங்கள் செலவில் போகலாம் என்று அன்று பின்னேரம் சொன்னேன். “ஒருக்காப் போகலாம். அடுத்த முறையும் போகலாம். பிறகு மருந்தை விட்டிட்டு டொக்டரைப் பாக்கப் போகவேண்டி வரும்” என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நான் தலைமைக் கந்தோருக்கு ஒரு மேன்முறையீடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்தக் குடாநாட்டில் ஐப்பசி என்று மட்டும் எழுதினால் எந்த ஐப்பசி என்ற கேள்வி வரும் என்பதை விளக்கி, இரண்டு பக்கம். கிடைத்ததற்கான அட்டை திரும்பி வந்தது. முத்திரை நேராகக் குத்தியிருந்தது. பதில் இல்லை.

பட்டியல் செல்லும் கடைசிப் புதன் ஒக்டோபர் 29. விரதம் முடிந்திருந்தது. அவள் கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தாள். பன்னிரண்டாவது சோதனை. திரைக்கு வெளியே இருந்து பொத்தான் சத்தத்தை எண்ணினேன். அன்றைக்கு இடையில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். படம் வந்தது. வைத்தியர் பன்னிரண்டையும் மேசையில் பரப்பினார். என் அட்டவணை அப்போதுதான் ஒரு பிரயோசனத்துக்கு வந்தது.

“வல்லை தாண்டிட்டுதோ?”

வைத்தியர் கடைசிப் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “பாலத்துக்குக் கிட்ட வந்திட்டுது. தாண்டேல்லை.”

“பாலத்துக்கு எந்தப் பக்கம்?”

“பருத்தித்துறைப் பக்கம், ரீச்சர். உங்கடை பக்கத்துக்கு வரேல்லை.”

படிவத்தின் கதையை நான் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. எங்களுக்காக ஒரு கடிதம் எழுதினார், பெரியாஸ்பத்திரிக்கு. எழுதும்போது மனைவி, “நீங்கள் இனி புதன்கிழமை எங்கை போவியள்?” என்று கேட்டாள்.

“நான் ஒரு இடமும் போகேல்லை. இஞ்சைதான் இருப்பன். நீங்கள்தான் வரமாட்டியள்” என்றார். சொன்ன பிறகு அது அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். எழும்பி வந்து கதவைத் தானே திறந்துவிட்டார். ஆறு வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

தேத்தண்ணிக் கடையில் அன்று அவள் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. வடையைப் பாதியில் வைத்துவிட்டு, “பாலம் எண்டு ஏன் சொன்னவ? முந்தி ஒரு நாளும் பாலத்தைச் சொன்னதில்லை” என்றாள். வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை எடுத்துப் பாலத்தின் வடக்கே ஒரு கோடு கீறினாள். பக்கத்தில் திகதி எழுதினேன். இடம் குறைவாக இருந்தது. இங்கிலீசுத் திகதியை மட்டும் எழுதினேன்.

கார்த்திகை 11, செவ்வாய்க்கிழமை, பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனோம். காலை ஆறே காலுக்கு இலக்கம் எடுத்தோம், பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். வைத்தியர் தெற்கிலிருந்து வந்தவர், இங்கே வந்து தமிழ் பழகியவர், மரியாதையானவர். அன்று அவர் எத்தனை பேரைப் பார்த்தார் என்பதை நான் கண்ணால் கண்டேன். குறை சொல்ல மாட்டேன். கடிதத்தை முழுவதும் வாசித்தார். அழுத்தத்தை அளந்தார். பன்னிரண்டு படங்களில் கடைசிப் படத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார்.

“வல்லை தாண்டேல்லைத்தானே?” என்று கேட்டாள் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கியிருக்கலாம். ஆனால் வெளியே வாங்குகளில் எழுபது பேராவது இருந்தார்கள். “கூடிட்டுதோ எண்டு கேக்கிறா” என்றேன்.

“பெரிய வித்தியாசம் இல்லை, அம்மா” என்றார். அடுத்த திகதி சித்திரையில் தந்தார். கிளினிக் புத்தகத்தில் இலக்கத்தில் எழுதியிருந்ததால் அது எந்தச் சித்திரை என்ற கேள்வி இல்லை.

பஸ்ஸில் வரும்போது மனைவி கேட்டாள்: “கேக்கிறா எண்டு சொன்னியளே, நான் கேட்டது அதில்லைத்தானே?”

“அவருக்கு நேரமில்லை.”

“அவரைச் சொல்லேல்லை.”

நீர்வேலி வந்தது. வாழைக்குலைகளை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

புதன்கிழமைகளில் அவள் இப்போதும் வெள்ளென எழும்புகிறாள். தலையை வாரி இழுத்து, படங்கள் வைக்கும் பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பிறகு அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கிறாள். போன புதன் ஏழரை பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மணிக்கூட்டைப் பார்த்தோம். அவள் சொன்னாள்: “மருந்து அங்கையும் அதே மருந்துதான். எனக்கு மருந்திலை குறையில்லை. நான் எந்த இடத்திலை நிக்கிறன் எண்டு சொல்ல ஒரு ஆள் இருந்தா.” அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. நான் எழுதியது அவ்வளவுதான்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நாலு மணிக்குக் கொழும்புத்துறைக்காரர் தொலைபேசி எடுத்தார்.

“மாஸ்ரர், விரதம் எல்லாம் முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“ஒரு நல்ல கதை. ரெண்டு பகுதியும் திருப்பிக் கதைச்சவையாம். எங்கடை ஆஸ்பத்திரியைத் தை முதலாந் திகதி தொடக்கம் பட்டியலிலை சேர்க்கினமாம்.”

“ஆர் சொன்னது?”

“மனிசியின்ரை தமக்கையின்ரை மருமகன் அங்கை கணக்குப் பகுதியிலை.”

“எந்தத் தை?” என்று கேட்டேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “கடவுளே, அதைக் கேக்கேல்லையே, மாஸ்ரர்.”

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தொலைபேசியை வைத்தவுடன் டயறியைக் கொண்டுவந்து பின்பக்கத்தை விரித்து வைத்தாள். “இங்கிலீசுத் தை எண்டால்?”

“தை முதலாந் திகதி வியாழன். முதற் புதன் ஏழாந் திகதி.”

“பொங்கல் தை எண்டால்?”

“அதுவும் வியாழன்தான், பதினைஞ்சு. புதன் இருபத்தொண்டு.”

“ரெண்டையும் எழுதுங்கோ. பென்சிலாலை.”

எழுதினேன். அவள் கண்ணைக் கிட்ட வைத்து இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். “ஏழாந் திகதியே போய்ப் பாப்பம். இல்லையெண்டால் வடை திண்டிட்டு வருவம்” என்றாள்.

இன்று காலை கிளைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். நரைத்த மீசைக்காரர்தான் பேசினார்; என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். தங்களுக்கு இதுவரை ஒரு அறிவித்தலும் வரவில்லை என்றார். வைத்தியசாலையில் கேட்டபோது, தெரியாது என்றார்கள். ஆகவே, அந்த வைத்தியசாலை தை முதலாந் திகதி மீண்டும் பட்டியலில் சேரும் என்பதும், சேர்ந்தால் அது எந்தத் தை என்பதும், இதை எழுதும் கார்த்திகை 19, பஞ்சாங்கப்படி கார்த்திகை 3, புதன்கிழமை வரை உறுதிப்படுத்தப்படவில்லை.